ஊருக்கு ஒரே ஒரு சரிவு

அத்தியாயம் 14

தோர்விக்கில் காலையில் யாரும் வானிலை பார்ப்பதில்லை. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கிழவி நேற்று எவ்வளவு நகர்ந்தாள் என்றுதான் பார்ப்போம்.

கிழவி என்பது மலைகளுக்கு நடுவே புகுந்து நீளும் எங்கள் கடல்கழிக்கு, ஃபியோர்டுக்கு, அக்கரையில், கால்களைக் கடலுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மலை. மெல்ல மெல்ல முன்னால் சாய்கிறாள். ஒருநாள் மொத்தமாகத் தண்ணீரில் விழுவாள், அப்போது எழும் அலை எங்கள் தேவாலயக் கூரையைத் தாண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்காக அவள் உடம்பெல்லாம் கருவி குத்தி, நடையை அளந்து, தினமும் பத்திரிகைக்கு அனுப்புகிறார்கள். மனிதன் எதற்கும் பழகிவிடுவான். நாங்கள் பழகியது போதாதென்று அவளைக் கேலியும் செய்வோம்.

"கிழவி இன்னைக்கு லீவு போட்டுட்டா," என்றான் ஐவின், பத்திரிகையை மடித்தபடி. "கட்டம் காலியா இருக்கு. விவரம் கிடைக்கலையாம்."

அவன் மனைவி தூருன் தலை நிமிராமல் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

போன வாரம் இருவருக்கும் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டை விற்றுவிட்டு பெர்கன் நகரத்தில் தன் தங்கை வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்றாள் தூருன். ஐவின் சிரித்தான். கிழவி நம்மை ஒன்றும் செய்ய மாட்டாள் என்றான். அவன் மறுத்தது பெரிதில்லை, சிரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலையே தரகரைக் கூப்பிட்டாள். நீ வராவிட்டால் நான் மட்டும் போகிறேன் என்றும் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அந்த வீட்டில் உப்பு, காபி, கதவு இவற்றைப் பற்றி மட்டுமே பேச்சு.

இன்று வீடு பார்க்க ஆள் வருகிறார்கள்.

"பன் எதுக்கு?" என்றான் ஐவின்.

"ஏலக்காய் பன் வாசம் வந்தா வீடு சீக்கிரம் போகும்னு தரகரம்மா சொன்னா."

"நேர்ல வந்து சொன்னாளா?"

"அவ காய்ச்சல்ல படுத்திருக்கா. நான்தான் சுத்திக் காட்டணும்."

"இத்தனை வருஷமா எனக்குப் பன் சுடல. எவனோ ஒருத்தனுக்குச் சுடறே."

"உனக்கு மீன் வாசம் போதாதா?"

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவள் கவனித்தாள், கவனிக்காதது போல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐவின் கம்பளிச் சட்டையை மாட்டினான்.

"நான் படகுக் கொட்டகைல இருக்கேன்."

"அங்கேயே இரு. வர்றவங்ககிட்ட உன் மலைப் புராணத்தை ஆரம்பிக்காத."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெளியே மூடுபனி தண்ணீரை ஒட்டிப் படுத்திருந்தது. அதற்கு மேலே கிழவியின் தலை மட்டும் தெரிந்தது, தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் எதன் மேலும் படாமல். இப்படிப்பட்ட காலைகளில் எங்கள் ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வரும். தூருனுக்கும் அப்படித்தான் இருந்தது. தன் கைகள் மாவு பிசைவதை யாரோ ஒருத்தியின் கைகளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

படகுத்துறையில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் பத்திரிகை அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு காபி இயந்திரம், அப்புறம் தூருனின் மகள் சுன்னிவா. மற்றவர்கள் எல்லோரும் ஓலசுண்ட் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஆசிரியர் ஓட்வார் அங்கிருந்து கணினித் திரை வழியாகத்தான் திட்டுவார்.

"'தோர்விக்கில் வீட்டு விலை குறைகிறது'ன்னு போட்டிருக்கே," என்றார் ஓட்வார். "இதை யாரு தொறந்து படிப்பா?"

"குறையத்தானே செய்யுது?"

"என் தலைமுடியும்தான் குறையுது. அதைச் செய்தியா போடறோமா? சரிவுன்னு போடும்மா. முதல் வார்த்தைலயே பிடிச்சு இழுக்கணும்."

சுன்னிவா உதட்டைக் கடித்தாள்.

பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதுவுமே அவர்களுக்குச் சும்மா குறையாது. மீன் விலை சரியும், ஓட்டு சரியும், பிள்ளைகளின் மதிப்பெண் சரியும், ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டம்கூடச் சரியும். கொஞ்சம் மோசமாகிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு மலையிலிருந்து பாறை உருண்டாக வேண்டும். படிக்கிறவர்களும் காபியைக் கீழே வைக்காமல் பத்துச் சரிவுகளைத் தாண்டிவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

தோர்விக் பதிப்பில் மட்டும் அது நடக்காது. தலைப்பு எழுதும் மேசை இங்கே இருந்த காலத்தில், அதில் வேலை பார்த்த தூருன் வைத்த சட்டம் அது. "ஊருக்கு ஒரே ஒரு சரிவுதான். அது கிழவியோடது. வேற எவனுக்கும் தர மாட்டேன்," என்பாள். விலை இறங்கட்டும், படுக்கட்டும், தேயட்டும், சரிய மட்டும் கூடாது. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை என்றாலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பத்திரிகை அந்த வார்த்தையைச் சொன்னால் அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் மேலே ஓட வேண்டும். மேசையை ஓலசுண்டுக்கு மாற்றியபோது தூருன் கூடப் போகவில்லை, வேலையை விட்டுவிட்டாள். ஆனால் சட்டம் இங்கேயே தங்கிவிட்டது.

"எங்க ஊர்ல அந்த வார்த்தையைப் போடறதில்ல ஓட்வார்."

"ஏன், மலை கோவிச்சுக்குமா?"

"ஜனங்க வேற மாதிரி எடுத்துப்பாங்க."

"விலைன்னு பக்கத்துலயே போடப் போறே. படிக்கத் தெரியாதா அவங்களுக்கு?"

"சரி, இதைச் சாயங்காலமாவது அனுப்பலாமா?" கேட்டுவிட்டு உடனே வருத்தப்பட்டாள். ஆனால் ஆரம்பித்ததை முடிக்க வேண்டியிருந்தது. "மதியம் எங்க வீட்டைப் பார்க்க ஆள் வர்றாங்க."

திரையில் ஓட்வார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ இதைச் சொல்லலை. நானும் கேக்கலை."

சுன்னிவாவுக்கு முகம் சுட்டது. தன் வீட்டுக்காகச் செய்தியைப் பிடித்து வைப்பவள் என்று ஒருவர் தன்னை நினைத்துவிட்டார். அந்த ரோஷத்தில்தான் அவள் அதைச் செய்தாள். பழைய தலைப்பை முழுவதும் அழித்தாள். அம்மாவின் சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே, வேகமாக அடித்தாள்: 'தோர்விக்கில் பெரும் சரிவு: வீடு வாங்க ஆளில்லை, விலை தொடர்ந்து இறங்குகிறது.'

அனுப்பும் முன்பு ஒருமுறை மலைக் கண்காணிப்பு நிலையத்துக்குப் போன் போட்டுப் பார்த்தாள். காலியாக இருந்த கட்டத்துக்கு எண் வேண்டும். யாரும் எடுக்கவில்லை. கருவி மக்கர் பண்ணுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, செய்தியை அனுப்பினாள்.

ஊரில் இருந்த எல்லாப் போன்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. போன் திரையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை.

*

வந்தவர்கள் இளம் தம்பதி. அவள் பெயர் வில்டே, அவன் பெயர் யோன். அவன் நெஞ்சில் கட்டியிருந்த துணிப்பையில் ஒரு குழந்தை தூங்கியது. தரகரம்மா கொடுத்துவிட்ட நீல நிறப் பிளாஸ்டிக் உறைகளை ஷூவுக்கு மேல் மாட்டிக்கொண்டு அறை அறையாகச் சரசரவென்று நடந்தார்கள்.

"என்ன வாசம்!" என்றாள் வில்டே. "இங்கேயே உக்காந்துடலாம் போல இருக்கு."

தட்டில் பன்கள் அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்திருந்தன. தூருன் கையுறையைக் கழற்றாமலேயே ஜன்னல் பக்கம் காட்டினாள்.

"இதுதான் கிழவியா?" வில்டே கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். "அழகா இருக்காளே."

"அழகுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை."

"விழுந்துடுவாளா?"

தூருன் இந்தக் கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் தயார் செய்திருந்தாள். கருவிகள் இருக்கின்றன, சைரன் இருக்கிறது, ஒவ்வொரு வசந்தத்திலும் ஒத்திகை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்தக் குழந்தையின் தலையைப் பார்த்ததும் எதுவும் வரவில்லை.

அப்போது மூன்று போன்களும் ஒன்றாக அதிர்ந்தன.

தூருன் போனைப் பார்த்தாள். 'தோர்விக்கில் பெரும் சரிவு.' அதற்கு மேல் திரையில் இடமில்லை.

தன் பத்திரிகை. தான் யாருக்கும் தராமல் பூட்டி வைத்திருந்த வார்த்தை. சைரன் ஏன் ஊதவில்லை என்று மனசின் ஒரு மூலை கேட்டது. சைரனும் பழுதாகும், இந்தப் பத்திரிகை பொய் சொல்லாது என்று இன்னொரு மூலை பதில் சொன்னது.

கொல்லைப்புறக் கதவை இடித்துக்கொண்டு ஐவின் உள்ளே வந்தான். தண்ணீர் ஓரத்துக் கொட்டகையிலிருந்து ஒரே மூச்சில் ஏறி வந்திருந்தான், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தோளில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பை. அந்தப் பையை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"வா," என்றான். அவள் கையைப் பிடித்தான்.

அவன் அவள் கையைப் பிடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வது? கனவில் ஓடுகிற மாதிரிதான் இருந்தது. யாரும் கத்தவில்லை. கதவுகள் திறந்தன, ஆட்கள் வந்தார்கள், எல்லோரும் மேல்சாலையைப் பார்த்து ஏறினோம். பனிக்குள் முன்னால் போகிறவரின் முதுகு தெரிந்தது, மறைந்தது, மறுபடியும் தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மெல்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தன. சரசரவென்று நீல உறைகளோடு இரண்டு வெளியூர்க்காரர்கள் எங்களுக்கு நடுவே ஓடினார்கள். நானும் ஓடினேன், ஒரு காலில் ரப்பர் ஷூ, மறு காலில் காலுறை. கால் சில்லிட்டதுகூடத் தெரியவில்லை.

மேட்டில் இருக்கும் ஜெப வீட்டு வாசலில் போய் நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

பனி கலைந்திருந்தது. கிழவி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு கிழவி. ஒரு சுருக்கம்கூட இல்லாத தண்ணீர்.

மளிகைக்கடை ஊலுஃப்தான் முதலில் போனைத் திறந்து மிச்சத்தைப் படித்தான். படித்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"வீட்டு விலையாம்," என்றான். "நான் கல்லாவைக்கூடப் பூட்டாம ஓடி வந்திருக்கேன். வீட்டு விலையாம்!"

பிறகு யாரோ சிரிக்க, சிரிப்பு ஒட்டிக்கொண்டது. சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

"தூருன், கைல என்ன அது?" என்றாள் வில்டே.

தூருன் குனிந்து பார்த்தாள். ஐவின் பிடித்திருந்த கை போக, கையுறை போட்ட மற்றக் கையில், இடுப்போடு அணைத்தபடி பன் தட்டு இருந்தது. வீட்டில் எத்தனையோ இருக்க, அவள் காப்பாற்றிக்கொண்டு வந்தது அதைத்தான்.

*

பன் எல்லோருக்கும் போனது. தூருனும் ஐவினும் ஜெப வீட்டின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்தார்கள்.

"பையில என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

அவள் இழுத்துத் திறந்தாள். அவளுடைய கம்பளிக் காலுறைகள். அவளுடைய தைராய்டு மாத்திரை, புதுப் பெட்டி. அவளுக்குப் போன கோடையில் மாற்றிய பவரில் ஒரு மூக்குக்கண்ணாடி. அவள் கைக்குப் போடும் களிம்பு. அடியில் ஒரு சாவி. அந்தச் சாவியை அவளுக்குத் தெரியும். பெர்கனில் தங்கை வீட்டுச் சாவி.

"இது எப்படி உன்கிட்ட?"

"கேட்டு வாங்கினேன். ரொம்ப நாளாச்சு."

"மாத்திரை புதுசா இருக்கு."

"அப்பப்ப மாத்துவேன். இல்லைன்னா தேதி முடிஞ்சுடும்ல."

தூருன் கண்ணாடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ உனக்கும் பயம்தான்."

"நான் தண்ணி ஓரத்துல வேலை பாக்கறவன் தூருன். தினமும் அவளைப் பார்த்துட்டே உக்காந்திருக்கேன். பயம் இல்லாம இருக்குமா?"

"பின்ன எதுக்குடா என்கிட்ட அப்படிச் சிரிச்சே?"

"நீயாவது ராத்திரி தூங்கட்டும்னு."

"நான் தூங்கினதே இல்ல." அவள் கண்ணாடியைப் பைக்குள் போட்டாள். "நீ பயப்படலன்னு நினைச்சு, உன் பயத்தையும் சேத்து நானே பயந்துட்டு இருந்தேன். என்னைவிட அந்த மலைதான் உனக்குப் பெருசுன்னு நினைச்சேன். முட்டாள்."

"யாரு, நீயா நானா?"

"ரெண்டு பேரும்தான்."

அவன் தோளில் சாய்ந்தாள். வெயில் மெதுவாகக் கிழவியின் மடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஊரே புல்வெளியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தது. இந்த நேரம் முடியாமல் இருக்கட்டும் என்று தூருன் மனசார வேண்டிக்கொண்டாள்.

"வித்துடலாம்," என்றான் ஐவின். "நானும் வர்றேன்."

கேட்டுக்கொண்டே வந்த மாதிரி வில்டே எதிரில் வந்து நின்றாள். உதட்டில் சர்க்கரை.

"நாங்க முடிவு பண்ணிட்டோம். ஒருத்தரையும் விடாம ஊரே சேர்ந்து ஏறுச்சு பாருங்க. நடக்க முடியாத அந்த மூணாவது வீட்டு ஆளை நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க. எங்களுக்கு இந்த ஊர்தான் வேணும். வீடு எங்களுக்குத்தான், சரியா?"

தூருன் பதில் சொல்வதற்குள் சாலையில் ஒரு கார் வந்து நின்றது. சுன்னிவா இறங்கினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"வாம்மா சுன்னிவா," என்றான் ஊலுஃப். "என் முட்டிவலிலயும் பெரும் சரிவு. நாளைக்குப் போட்டுடு."

"எங்க வீட்டு அடுப்புல மீன் கருகிருச்சு. அதுவும் சரிவுதானா?" என்றாள் கூட்டத்திலிருந்து ஒருத்தி.

அவள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, திட்டு."

"எங்க வச்சே அந்த வார்த்தையை?"

"தலைப்புல, முன்னாடியே."

"ம்." தூருன் மகளின் கன்னத்தைத் துடைத்தாள். "ஒரே ஒரு தடவை செலவு பண்ண வேண்டியதை வீட்டு விலைக்குச் செலவு பண்ணிட்டே. இனி அதைச் சொன்னா எவன் ஓடுவான்?"

ஆட்கள் எழுந்து, புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்கள். சிரிப்பு சாலை வளைவு வரை போய்விட்டது. சுன்னிவாவின் போன் அடித்தது.

"ஹெர்டிஸ் பேசறேன், கண்காணிப்பு நிலையம்," என்றது குரல். "உங்க செய்தியைப் பார்த்தேன். சரிவுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் இல்ல. அது தப்பா வந்தது. வீட்டு விலை பத்தி..."

அந்தப் பக்கம் ஹெர்டிஸ் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"காலைலேருந்து கருவி ஏதோ தப்பா காட்டுதுன்னு நினைச்சோம். அதான் உங்களுக்கு எண் அனுப்பல. இப்பதான் சரிபார்த்து முடிச்சோம். கருவில தப்பில்ல. அவ நடக்கல சுன்னிவா, ஓடறா. சைரனைப் போடச் சொல்லியாச்சு. இப்ப ஊர்க்காரங்க எங்க இருக்காங்க?"

"மேல," என்றாள் சுன்னிவா. "ஆனா இறங்கறாங்க."

அவள் போனை விட்டுவிட்டு ஓடினாள். "நில்லுங்க! நிஜமாவே சரிவு! கிழவி சரியறா!"

சாலை வளைவில் ஊலுஃப் திரும்பாமலேயே கையை ஆட்டினான். "போதும் கண்ணு! ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்!"

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் நிற்கவில்லை. யோன்கூடக் குழந்தையோடு இறங்கிக்கொண்டிருந்தான், வில்டே அவனைப் பார்த்துக் கையசைத்தாள். சுன்னிவாவுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. இருந்த ஒன்றையும் அவளே வீட்டு விலைக்குத் தீர்த்துவிட்டிருந்தாள்.

தூருன் மகளின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். பிறகு ஐவினைப் பார்த்தாள்.

இத்தனை வருஷமாகப் படகுத்துறையில், மளிகைக்கடையில், கல்யாண வீட்டில், கிழவி ஒன்றும் பண்ண மாட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் ஐவின். ஒத்திகை நாளில்கூட ஏறாமல் வலை பின்னிக்கொண்டிருப்பவன். அவன் எழுந்து சாலையின் நடுவில் போய் நின்றான். பனியில்லாத, தெளிந்த காற்றில் அவன் குரல் அக்கரை வரை கேட்டிருக்கும்.

"எனக்குப் பயமா இருக்கு!" என்று கத்தினான். "கேக்குதா? எனக்குப் பயமா இருக்கு! யாரும் கீழ போகாதீங்க!"

சிரிப்பு நின்றது. ஊலுஃப் மெதுவாகத் திரும்பி ஐவினைப் பார்த்தான். பிறகு மேலே ஏற ஆரம்பித்தான். அவன் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள்.

கீழே, ஆளில்லாத ஊரில், சைரன் ஊதத் தொடங்கியது.